இந்த எலி விற்பனைக்கு இல்லை

கையால் ஏதாவது செய்து வைத்திருக்கிற ஒரு பெண்பிள்ளையிடம் எங்களூரில் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். ஒன்று, "என்னத்துக்கு உது?" மற்றது, "வடிவாயிருக்கே, செய்து விக்கலாம்தானே?" முதலாவது திட்டு, இரண்டாவது பாராட்டு என்று பழகிவிட்டோம். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. நீ செலவழித்த நேரத்துக்குக் கணக்குக் காட்டு என்கிற அதட்டல் இரண்டிலும் இருக்கு. இரண்டாவது அதைச் சிரித்த முகத்தோடு சொல்கிறது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஒரு எலியைப் பற்றி. குரோஷே நூலில் பின்னிய, உள்ளங்கைக்குள் அடங்குகிற எலி. எங்கள் வீட்டுப் பூனை பிட்டுவுக்காகப் பின்னியது. பஸ்ஸில் பின்னிக்கொண்டு போயிருக்கிறேன், விரிவுரை தொடங்கும்வரை படிக்கட்டில் இருந்து பின்னியிருக்கிறேன், வீட்டில் கரண்ட் இல்லாத நேரங்களில் விறாந்தையில் பின்னியிருக்கிறேன். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மேலே சொன்ன இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள். சிலர் இரண்டையும். ஒரு நண்பன் மட்டும் "இது என்ன, தேசிக்காயா?" என்று கேட்டான். அவனோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் ஒருவன்தான் பொருளைப் பார்த்தான்.

பிட்டு எங்களிடம் வந்த கதை புதினமான கதையில்லை. பெட்டைக் குட்டி என்றால் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு வருகிற வழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். கடுவன் என்றால் வைத்திருப்பார்கள். பெட்டை குட்டி போடும், செலவு, கரைச்சல். அப்படி விடப்பட்ட ஒன்றுதான் பிட்டு. அம்மம்மா அவளை வீட்டுக்குள் விட ஒத்துக்கொண்டதற்குச் சொன்ன ஒரே காரணம், "எலி பிடிக்கும்." ஆக, பூனைக்கும் ஒரு உத்தியோகம் இருந்தால்தான் இந்த வீட்டில் சோறு. இப்போது சொல்லாமலே விளங்கும், அவளுக்குப் பொய் எலி பின்னிக் கொடுத்தபோது அம்மம்மா ஏன் அப்படி முகத்தைச் சுளித்தா என்று. வேலைக்கு வைத்த ஆளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்த மாதிரி.

ஆனால் பூனைக்கு விளையாட்டும் வேட்டையும் வேறு வேறு இல்லை. பதுங்குவது, துரத்துவது, பாய்ந்து பிடிப்பது, கழுத்தில் கடிப்பது, பின்னங்காலால் உதைப்பது என்று உண்மையான எலியிடம் என்ன செய்யுமோ அதையேதான் பொம்மையிடமும் செய்யும். இங்கிலாந்தில் ஜோன் பிராட்ஷோ என்கிற உயிரியலாளரும் சேரா ஹோல் என்பவரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பசியோடு இருக்கிற பூனை பொம்மையோடு இன்னும் மும்முரமாக விளையாடுகிறதாம். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அலுத்துப்போகிறதாம், கொஞ்சம் வித்தியாசமான இன்னொன்றைக் கொடுத்தால் திரும்பவும் உற்சாகம் வருகிறதாம். பிடித்த இரை பிய்ந்து உருமாறினால் வேட்டை சரிவருகிறது என்று அர்த்தம். எத்தனை தரம் கடித்தாலும் அப்படியே கிடக்கிற பொருள் இரையில்லை. கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் பந்து மூன்றாம் நாள் அலமாரிக்குக் கீழே அநாதையாகக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். நூலில் பின்னியதை நகத்தால் கொழுவலாம், பல் உள்ளே இறங்கும், கடிக்கக் கடிக்க உரு மாறும்.

குரோஷே தெரியாதவர்களுக்கு: இதற்கு ஒரே ஒரு ஊசி, நுனியில் கொக்கி. நூலை வளையமாக்கி, அந்த வளையத்துக்குள்ளால் இன்னொரு வளையத்தை இழுத்தெடுப்பதுதான் முழு வித்தையும். பொம்மைகளை இப்படிப் பின்னுவதற்கு அமிகுருமி என்ற ஜப்பானியப் பெயர் உலகமெல்லாம் பரவியிருக்கு. ஒரு சின்ன வளையத்தில் 6 தையல்களோடு தொடங்க வேண்டும். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, பிறகு 24. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறாறாகக் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டாமல் பின்னினால் சிரட்டை மாதிரி வளைந்து எழும்பும். ஏன் ஆறு? இந்தத் தையலின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆரை ஒன்றால் கூடினால் பரிதி ஆறேகாலால் கூடும். ஓ.எல். கணிதத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் எனக்கு உண்மையில் விளங்கியது ஒரு எலியின் மூக்கில் வைத்துத்தான்.

(அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்கிற கணிதவியலாளர் 1997இல் அதிபரவளைவுத் தளத்தைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். இதை வீட்டில் சொன்னால் இரண்டு நிமிடத்துக்கு மரியாதை கிடைக்கும். பிறகு, "அப்ப நீ ஏன் கலைப்பீடம் எடுத்தனீ?")

எலியை யோசிக்கிறபோது வடிவைவிடப் பயம்தான் எனக்குக் கூடுதலாக இருந்தது. பூனைக்கும் நூலுக்கும் உள்ள உறவு படங்களில் வருகிற மாதிரி அழகானதில்லை. பூனையின் நாக்கில் தொண்டைப் பக்கமாக வளைந்த முட்கள் இருக்கின்றன. வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கஷ்டம், விழுங்கத்தான் முடியும். அந்த நூலின் ஒரு நுனி நாக்குக்குக் கீழேயோ இரைப்பையின் வாசலிலோ சிக்கிக்கொள்ள, மற்ற நுனி குடலுக்குள் இறங்கினால், குடல் சுருக்குப் பை மாதிரிச் சுருங்கும். நூல் குடலை அறுத்தும் விடும். அதற்குச் சத்திரசிகிச்சைதான். பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் ஒருநாளும் பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். நூல்பந்தோடு பூனைக்குட்டி விளையாடுகிற வாழ்த்து அட்டைகளை அச்சடித்தவர்களைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்போல இருக்கு.

அதனால் யூடியூப் எலிகளில் இருக்கிற அரைவாசி அலங்காரம் என்னுடைய எலியில் இல்லை. பிளாஸ்டிக் கண் இல்லை, நூலாலேயே இரண்டு குத்துத் தையல். மணி இல்லை. மீசை இல்லை. வால்தான் பெரிய பிரச்சினை. வால் இல்லாத எலி, நண்பன் சொன்னமாதிரி, தேசிக்காய். நீளமாகத் தொங்கவிட்டால் அதுவே கடித்து விழுங்குகிற நூல். கடைசியில், வாலைத் தனியாகப் பின்னித் தைக்காமல், உடலின் கடைசிச் சுற்றிலிருந்தே தொடர்ந்து, மூன்று தையல் சுற்றளவில் தடித்த குட்டை வாலாக இறக்கினேன். ஒரு அங்குலம்கூட வராது. நூலின் நுனியை உடலுக்குள்ளே மூன்று நாலு திசையில் ஓட்டி மறைத்தேன். நூலின் சுற்றுத்தாளில் போட்டிருக்கிற அளவைவிடச் சின்ன ஊசி, இறுக்கமான பின்னல். பஞ்சை நேரே அடைக்காமல், அம்மாவின் பழைய பருத்திச் சேலைத் துண்டில் ஒரு சின்னப் பை தைத்து, இலவம் பஞ்சை அதற்குள் வைத்து மூடி, அந்தப் பையை எலிக்குள் வைத்தேன். எலி கிழிந்தாலும் பஞ்சு வாய்க்குள் போகாது. நிறத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பூனைக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியாது, நீலமும் மஞ்சளும் கொஞ்சம் தெரியும். மிச்சமாக இருந்த நீல நூல் போதும்.

வெளிநாட்டுப் பொம்மைகளுக்குள் கட்நிப் என்றொரு காய்ந்த இலை வைப்பார்கள், பூனைக்கு வெறி பிடிக்க. எங்கள் வேலியோரத்தில் அதற்குச் சமமானது சும்மா முளைத்துக் கிடக்கிறது. குப்பைமேனி. அதன் மற்றப் பெயர் பூனைவணங்கி. அந்தப் பெயர் எதற்கு வந்தது என்று அறிய வேண்டுமென்றால் வேரோடு ஒன்றைப் பிடுங்கிப் பூனைக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். இலையை மணந்துவிட்டுப் போகிற பூனை வேரில் முகத்தைத் தேய்த்து உருளும். பிட்டு உருண்டாள். வேரைக் கழுவிக் காயவைத்து, சேலைத் துண்டுப் பைக்குள் ஒரு துண்டு வைத்தேன்.

இதெல்லாம் ஐந்து மணித்தியாலம் எடுத்தது. இனி "விக்கலாம்தானே" என்கிறவர்களின் கணக்கைப் பார்ப்போம். இப்படியொரு எலிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்ட பெரியம்மா ஒருவர், தாராள மனசோடு, "அறுநூறு ரூபா சொல்லலாம்" என்றா. நூலுக்கும் பஞ்சுக்கும் 150 போனால் மிச்சம் 450. ஐந்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 90 ரூபா. இலங்கையில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2025இல் 1,080 ரூபாவாக்கப்பட்டது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 135 ரூபா. அதையே போதாது என்று நாங்கள் எல்லோரும் அப்போது பேசினோம். அதிலும் மூன்றிலொரு பங்கு குறைத்து ஒரு பெண்ணுடைய கைக்கு விலை போட்டுவிட்டு, அதைப் பாராட்டு என்று நினைக்கிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கு. நிட்டிங்குக்கு இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. குரோஷேக்கு, தொழிற்சாலையில் ஓடுகிற இயந்திரம் இன்னும் வரவில்லை. கடைகளில் குரோஷே மாதிரித் தெரிகிற துணிகள் கனக்க இயந்திரத்தில் செய்த சாயல்கள். ஆனால் உண்மையான குரோஷே பொம்மை, தொப்பி, பை என்று எதை எந்த நாட்டுக் கடையில் கண்டாலும், அதன் ஒவ்வொரு தையலையும் ஒரு மனிசர் கையால் போட்டிருக்கிறார். அது மலிவாக இருந்தால் அந்த மலிவு யாருடைய விரலிலிருந்து வந்தது என்று யோசியுங்கள். நானாக ஒன்றைப் பின்னும்வரை எனக்கு இது உறைத்ததில்லை. இப்போது அந்தப் பொம்மைகளைப் பார்த்தால் தையல்களை எண்ணுகிறேன், எண்ணினால் மணித்தியாலம் தெரிகிறது, மணித்தியாலம் தெரிந்தால் விலைச்சீட்டைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

குரோஷேயை ஏழைப் பெண்ணின் பிழைப்பாகப் பார்ப்பது எங்களூர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியர்மடங்களும் வசதியான வீட்டுப் பெண்களும் ஏழைக் குடும்பங்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். பட்டினியில் பின்னிய லேஸ் லண்டன் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது. அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமார் வந்து பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிகள் தொடங்கியபோது, வாசிப்போடு தையலும் பாடமாக இருந்தது. பிறகு அது பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற தகுதியானது. எங்கள் அம்மம்மாவின் காலத்து றேடியோவுக்கு மேலே விரித்திருந்த குரோஷே விரிப்பு றேடியோவுக்காகப் பின்னியதில்லை. போருக்குப் பிறகு அதன் பெயர் வாழ்வாதாரம். சீதனத்திலிருந்து வாழ்வாதாரத்துக்கு வந்திருக்கிறோம். நடுவில், பின்ன விருப்பமாயிருக்கு, அதனால் பின்னுகிறேன் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எப்போதாவது இடம் இருந்ததா?

ஒப்பிட்டுப் பாருங்கள். என் தம்பி பின்னேரம் மூன்று மணித்தியாலம் மைதானத்தில் கிரிக்கெட் அடிக்கிறான். இரவு இரண்டு மணித்தியாலம் போனில் கேம். மொத்தம் ஐந்து. ஒரு எலி. அவனிடம் யாரும், "நல்லா பந்து போடுறாய், இதை வித்தால் என்ன?" என்று கேட்டதில்லை. பெடியள் விளையாடத்தானே வேணும். கைத்தொழில் தெரிந்த பெண்ணின் ஓய்வுக்கு மட்டும் ஒரு வாடிக்கையாளரைத் தேடித் தருகிறார்கள்.

சில தோழிகள் எனக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். "குரோஷே பின்னினால் மன அழுத்தம் குறையுமாம்" என்று. அன்புக்கு நன்றி. ஆனால் அதுவும் அதே கணக்குத்தான், காசுக்குப் பதிலாக மருந்து. அழுத்தம் குறைந்து, அதனால் படிப்பில் கவனம் கூடி, அதனால் கிளாஸ் எடுத்து... இந்தப் பாதையும் போய்ச் சேருவது அதே இடத்துக்கு. உண்மையைச் சொன்னால் வாலை நாலாம் தரம் பிரிக்கும்போது எனக்கு அழுத்தம் கூடியது.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இந்த விஷயம் தனியாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. "வரலாறு படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" "தமிழ் சிறப்பெடுத்து என்னத்துக்கு?" இந்தக் கேள்விகளைச் சாப்பிட்டுத்தான் நாலு வருடம் வளர்கிறோம். வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரி வாசலில் கொட்டகை போட்டு இருந்ததையும் கண்டவர்கள் நாங்கள். அதனால் கேள்வியே பிழை என்று நான் சொல்லமாட்டேன். வேலை வேணும், சம்பளம் வேணும். ஆனால் எதைக் கண்டாலும் வாயில் முதலாவதாக வருகிற கேள்வி அதுவாக மட்டும் இருந்தால், ஒரு கவிதையைக் கையில் கொடுத்தாலும் எங்களுக்கு எடை பார்க்கத்தான் தெரியும்.

இந்த இடத்தில் என் சித்தி குறுக்கே நிற்கிறா. நிற்க வேண்டிய ஆள்தான். வன்னியிலிருந்து முகாம், முகாமிலிருந்து திரும்பவும் காணி என்று வந்தவ. மீள்குடியேறிய காலத்தில் ஒரு நிறுவனம் மூன்று மாதம் தையல் பழக்கி, சான்றிதழோடு ஒரு மெஷினும் கொடுத்தது. அதே பயிற்சியை அதே ஊரில் இருபதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே பாடசாலைப் பையைத் தைத்தால் வாங்குவது ஆர்? திட்டம் முடிந்தது, படம் எடுத்தார்கள், போனார்கள். நான் எலியையும் என் தத்துவத்தையும் காட்டியபோது சித்தி சொன்னது இதுதான்: "உனக்குக் கொம்மா சமைச்சுத் தாறா பிள்ளை. நீ இருந்து எலி பின்னலாம். எனக்கு அந்த நேரம் ஆரும் 'விக்கலாம்தானே' எண்டு கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பன்."

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வயிறு நிரம்பினவரின் கதை இது என்றால், ஓம், அப்படித்தான். விற்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வகுப்பிலேயே ஒருத்தி பின்னி விற்றுத்தான் அறை வாடகை கட்டுகிறாள். அவளிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள், மணித்தியாலத்தை எண்ணிக் கொடுங்கள். நான் எதிர்ப்பது விற்பதை இல்லை. சித்திக்குக் கொடுத்த மூன்று மாதப் பயிற்சியில் ஒரு நாளாவது, உங்களுக்கு என்ன தைக்க விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். நான் கேட்டேன். சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒரு சட்டை" என்றா. மெஷின் வந்த பதினைந்து வருடத்தில் அதில் தனக்கென்று ஒரு சட்டை தைக்கவில்லையாம்.

பிட்டு எலியை என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். முதல் நாள் மணந்துவிட்டு, அது வைத்திருந்த மட்டைப் பெட்டிக்குள் ஏறிப் படுத்தாள். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்குள் ஒரே அமர்க்களம். விடியப் பார்த்தால் எலி அம்மம்மாவின் செருப்புக்குள். இப்போது ஒரு காது இல்லை, ஆனால் வால் அப்படியே இருக்கு. இரண்டு கிழமைக்கொரு தரம் தையலைப் பார்க்கிறேன், நூல் கிளம்பியிருந்தால் வெட்டித் திருத்தும்வரை கொடுப்பதில்லை. வேரின் மணம் போனால் பையைத் திறந்து புதுசு வைக்கலாம். மழை பெய்து மண் இளகியிருக்கிறபோது கிண்டினால் குப்பைமேனி வேர் அறாமல் வரும்.

அடுத்தது பல்லி பின்னப் போகிறேன். எங்கள் சுவரில் இருக்கிற அதே அளவில், நாலு காலோடு. சித்தி கால் வேண்டாம் என்கிறா, இரண்டு நாளில் பிய்த்து விழுங்கிவிடுமாம். கால் இல்லாத பல்லி என்ன பல்லி, அது சட்டைப் புழு என்கிறேன் நான். உடலோடு ஒட்டித் தைத்தால் சரிவருமா என்று இருவரும் தாளில் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.